புதுப்பிப்பு: நடுக்கடலுக்கு ஹாம் ரேடியோவில் மின்னஞ்சல்

பசிபிக்கில் பாய்மரப் படகில் போகும் நண்பருக்கு மின்னஞ்சல் அனுப்ப வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். உண்டு, விண்லிங்க்! ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற தனிநபர்கள் பொழுதுபோக்காக இயக்கும் வானொலி) வழியாக மின்னஞ்சலைக் கொண்டு சேர்க்கும் சேவை அது. ஹாம் உரிமம் அவரிடம் இருந்தால் போதும். நமக்குச் சாதாரண மின்னஞ்சலே போதும்.

என் முதல் கடிதம் போய்ச் சேரவில்லை. காரணம் இதுதான்: குப்பை அஞ்சலைத் தடுக்க, அவருடைய அனுமதிப் பட்டியலில் இல்லாத முகவரிகளை விண்லிங்க் ஏற்காது. அவர் முதலில் எனக்கு எழுதியதும் என் முகவரி தானாகச் சேர்ந்துவிட்டது. அப்புறம் தடையே இல்லை.

அவருடைய ரேடியோ அனுப்பும் சிற்றலை, வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரை நிலையத்தையும் (கடிதங்களை இணையத்துடன் இணைக்கும் வானொலி நிலையம்) அவரால் பிடிக்க முடிகிறது. வேகம் ரொம்பக் குறைவு. படம் வேண்டாம், எழுத்து மட்டும் அனுப்புங்கள். வியாபாரக் கடிதத்துக்கு ஹாம் அலைவரிசையில் இடமில்லை. அவருடைய பதிலைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.