யேமன் பச்சோந்திக்குக் கூண்டு: கடையில் தந்த கண்ணாடித் தொட்டி போதுமா?

ஸ்காபுரோ_அப்பா:

வணக்கம். என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பச்சோந்தி வளர்க்கலாமா என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தான், கடைசியில் சரி என்றேன். போன சனிக்கிழமை ஒரு யேமன் பச்சோந்திக் குஞ்சுக்கு முற்பணம் கட்டிவிட்டோம். நாலு மாதம், ஆண் என்றார்கள். பின்னங்கால் குதியில் சின்ன முள் மாதிரி ஒன்று இருக்கிறது, அதைக் காட்டித்தான் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் போய் எடுக்க வேண்டும்.

அதோடு சேர்த்து ஒரு செட்டும் விற்றார்கள். 45 செ.மீ. நீளம், 45 அகலம், 60 உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, சுருள் சுருளாக இருக்கும் யூவிபி (புற ஊதாக் கதிர்) பல்பு, இரவில் சூடு கொடுக்க ஒரு சிவப்பு பல்பு, பிளாஸ்டிக் கொடி, தண்ணீர்க் கிண்ணம், அடியில் பரப்ப மரப்பட்டைச் சீவல். வீட்டுக்கு வந்து மகன் இணையத்தில் தேடினான், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், பலர் கண்ணாடியே கூடாது என்கிறார்கள்.

நாங்கள் இருப்பது பத்தாவது மாடி. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடத் தொடங்கினால் உதடு வெடிக்கிற அளவுக்கு வீடு காய்ந்துபோகும். தொட்டியை வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் யன்னலோரமாக வைக்க நினைத்திருக்கிறோம். இந்த செட் போதுமா, இல்லை திருப்பிக் கொடுப்பதா? உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், பிள்ளை ஆசையாக எடுத்து அது கண் முன்னால் வாடிப்போவதைப் பார்க்க வேண்டி வரக்கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிளைவாசி:

அண்ணா, குஞ்சு வீட்டுக்கு வருமுன் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். முடிந்தால் அந்த செட்டை அப்படியே திருப்பிக் கொடுங்கள். அதில் இருப்பதில் ஏறக்குறைய எதுவும் இந்த விலங்குக்கு ஆகாது. நான் மிசிசாகாவில் பதினோரு வருடமாக யேமன் வகை வளர்க்கிறேன், முதல் விலங்கை இதே மாதிரி ஒரு செட்டில் வைத்துத்தான் இழந்தேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் அளவு. ஆண் ஒரு வயதுக்குள் கிட்டத்தட்ட முழு வளர்ச்சி அடைந்துவிடும், மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 45 செ.மீ. சாதாரணம், அதற்கு மேலும் போகும். 60 அகலம், 60 ஆழம், 120 உயரத்தில் ஒரு வலைக்கூண்டு என்பது ஆடம்பரம் இல்லை, குறைந்தபட்சம். உயரம்தான் முக்கியம். பச்சோந்திக்குப் பாதுகாப்பு என்றால் மேலே இருப்பது, கண்மட்டத்துக்கு மேலே ஒரு கிளையில் உட்கார்ந்து நம்மைக் கீழே பார்க்க வேண்டும். அதனால் கூண்டைத் தரையில் வைக்காதீர்கள், உறுதியான மேசை மேல் ஏற்றுங்கள். சின்னதில் தொடங்கிப் பிறகு மாற்றலாம் என்பார்கள், நாலு மாதக் குஞ்சுக்கு அது தேவையில்லை, செடி அடர்த்தியாக இருந்தால் பெரிய கூண்டிலேயே நன்றாக வளரும்.

இடம்: தொலைக்காட்சிக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம், நாள் முழுக்க அசைகிற படம் அதைக் களைப்பாக்கிவிடும். யன்னலும் வேண்டாம். வெயில் வருகிறதே என்று நினைப்போம், ஆனால் யன்னல் கண்ணாடி யூவிபி கதிரைத் தடுத்துவிடும், கோடையில் சூடும் குளிர்காலத்தில் குளிரும் மட்டும் வரும். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலை, இரண்டு பக்கம் சுவர், ஹீட்டர் காற்று நேராக அடிக்காத இடம். அதுதான் சரி.

இப்போது விளக்கு, இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். அந்தச் சுருள் பல்பின் கதிர் ஒரு சின்ன வட்டத்துக்கு மேல் போகாது. உங்களுக்கு வேண்டியது டி5 என்கிற மெல்லிய நீளக் குழல்விளக்கு, ஆர்கேடியா நிறுவனத்தின் 6 சதவீத யூவிபி வகை அல்லது ரெப்டிசன் 5.0 வகை, கூண்டின் அகலத்துக்கு ஈடாக. மேல்வலைக்கு வெளியே வைத்து, குளிர்காயும் கிளையை விளக்குக்குக் கீழே, 20 முதல் 25 செ.மீ. இடைவெளி வருமாறு கட்டுங்கள். தூரத்தைக் கிளையிலிருந்து அளக்காதீர்கள், கிளை மேல் உட்கார்ந்த விலங்கின் முதுகிலிருந்து அளக்க வேண்டும். யூவிபி இல்லாவிட்டால் அதன் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் கால்சியம் எலும்பில் சேராது, கால் வில்லாக வளையும், தாடை மென்மையாகிவிடும். என்னுடைய முதல் குஞ்சு அப்படித்தான் போனது. இன்னொன்று, குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி குறைந்துகொண்டே போகும், வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

சூட்டுக்கு ஒரு சாதாரண வெள்ளைப் பல்பு போதும். கிளையில் 29 பாகை, அதற்கு மேல் வேண்டாம், கூண்டின் கீழ்ப்பகுதி 22, 23 இருக்கட்டும். அதுவே ஏறி இறங்கித் தனக்கு வேண்டிய சூட்டைத் தேர்ந்தெடுக்கும். பல்பைக் கூண்டுக்குள் தொங்கவிடாதீர்கள், தலைக்கொண்டை வெந்துவிடும். சிவப்பு பல்பைத் தூக்கி எறியுங்கள். இரவு என்றால் முழு இருட்டு, கொஞ்சம் குளிர்ச்சி, 16 அல்லது 18 பாகைக்கு இறங்கினாலும் நல்லதுதான். யேமனிலும் சவூதியின் தென்மேற்கிலும் இவை வாழ்கிற மலைப்பகுதிகளில் இரவு அப்படித்தான் இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு, ஒரு டைமர் வாங்கி விட்டுவிடுங்கள்.

கிண்ணத்துத் தண்ணீரை அது தண்ணீராகவே பார்க்காது, இலையில் உருண்டு மின்னும் துளியைத்தான் நக்கும். மரப்பட்டைச் சீவலும் வேண்டாம். பூச்சியை நாக்கால் அடிக்கும்போது ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போகும். அடித்தட்டு வெறுமையாக இருந்தால் துடைக்கவும் சுலபம்.

கடைசியாகச் செடி. பிளாஸ்டிக் கொடியை அது கடிக்கும், ஏனென்றால் யேமன் வகை இலையும் தின்னும். உண்மையான செடிகள் வையுங்கள், குடைச்செடி என்கிற ஷெஃப்ளெரா, மணி பிளாண்ட், செம்பருத்தி, பெஞ்சமினா ஃபைகஸ். கடைச் செடியின் இலைகளை நன்றாகக் கழுவி, உர உருண்டை கலந்த மண்ணை மாற்றி, மேல்மண்ணை அதன் வாயில் போகாத பெரிய கூழாங்கல்லால் மூடுங்கள். பூச்சிமருந்து அடித்திருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால் சில வாரம் கழித்தே உள்ளே வையுங்கள். குறுக்குக் கிளைகள் பல தடிமனில் வேண்டும், பென்சில் அளவு, விரல் அளவு, பெருவிரல் அளவு. ஒரே தடிமனில் நடந்தால் பாதம் நோகும். நடுவில் ஒரு புதர் மாதிரி அடர்த்தி இருக்கட்டும், நம் கண்ணில் படாமல் ஒளிய அதற்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும்.

வெண்பனி_மொன்றியல்:

கிளைவாசி சொன்னதெல்லாம் சரி, ஆனால் நாலு பக்கமும் வலை என்பது நம் குளிர்காலத்துக்கு ஒத்துவராது. ஃப்ளோரிடாவில் இருக்கிறவர்கள் வலைக்கூண்டு என்றுதான் எழுதுவார்கள், அங்கே வெளியிலேயே ஈரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஜனவரியில் ஈரப்பதமானி 20 சதவீதம் காட்டும். நான் பின்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டையும் ஒளி ஊடுருவாத பிவிசி தகட்டால் மூடினேன், முன்பக்கமும் மேல்பக்கமும் மட்டும் வலை. ஈரம் நிற்கிறது, காற்றும் அடியிலிருந்து மேலே ஓடுகிறது, பக்கத்தில் ஆள் போனால் அதற்குத் தெரிவதும் இல்லை. கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து எதிரி என்று நினைத்துக் கறுத்துப்போகும் தொல்லையும் இதில் இல்லை.

ஈரம் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்கக் கூடாது. பகலில் 30 முதல் 50, இரவில் 80க்கு மேல். விடியுமுன் விளக்கு எரிவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் தண்ணீர் தெளிப்பான், இரவு அணைந்தபின் இன்னொரு தடவை, இரவில் நடுவே ஃபாகர் என்கிற பனிமூட்டம் விடும் கருவி. ஃபாகரைச் சூடான பகலில் ஓட்டாதீர்கள், சூடும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால் நுரையீரலில் தொற்று வரும். பகலில் ஒரு சொட்டுநீர்க் குப்பியை மேலே வைத்து இலை மேல் சொட்ட விட்டால் அதுவே வந்து குடித்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீரில் வெள்ளைப் படிவு வந்து தெளிப்பானின் மூக்கு அடைத்துவிடும். வாரம் ஒரு முறை ஃபாகரைக் கழற்றிக் கழுவ வேண்டும், தவறவே கூடாது.

அப்புறம் வடிகால். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தெளிக்கிற தண்ணீர் எங்கேயாவது போக வேண்டுமே. பத்தாவது மாடி என்கிறீர்கள், கீழ்வீட்டுக் கூரையில் கறை விழுந்தால் பெரிய பிரச்சினை. அடித்தட்டின் நடுவில் துளை போட்டு, அதை லேசாக அந்தப் பக்கம் சரியவைத்து, கீழே ஒரு வாளி.

இலைக்கறி:

உங்களுடையது ஆண் என்பதால் இது நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் பெண் வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் பயன்படும். பெண் யேமன், ஆணோடு சேராவிட்டாலும் முட்டை இடும். எனக்கு அது தெரியாது. தனியாகத்தானே இருக்கிறாள், முட்டை எங்கிருந்து வரும் என்று நினைத்தேன். ஏழாவது மாதத்தில் இரண்டு நாள் கூண்டின் அடியில் சுற்றிச் சுற்றிக் கீறிக்கொண்டிருந்தாள், பசி என்று எண்ணிப் பூச்சி போட்டேன். முட்டை உள்ளேயே தங்கிவிட்டது, மருத்துவரிடம் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. தோண்டுவதற்கு இடம் இல்லாமல்தான் அவள் செத்தாள். கழுவிய மணலும் மண்ணும் கலந்து, குழி தோண்டினால் இடியாத அளவுக்கு ஈரமாக, 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு தொட்டி கூண்டுக்குள் எப்போதும் இருக்க வேண்டும். அவள் தோண்டும்போது யாரும் பார்க்கவும் கூடாது, பார்த்தால் பாதியில் நிறுத்திவிடுவாள். குளிர்காயும் சூட்டை 27க்குக் குறைத்து, தீனியையும் அளவாகக் கொடுத்தால் முட்டையின் எண்ணிக்கை குறையும். இப்போது இருப்பவளுக்கு அப்படித்தான் செய்கிறேன், நாலு வயது ஆகிறது.

வைகைக்கரை:

மதுரைப் பக்கம் எங்கள் தோட்டத்து வேலியில் ஒரு பச்சோந்தி அடிக்கடி வருகிறது, நல்ல பச்சை. இதே அளவில் வலைக்கூண்டு அடித்து அதை வைத்துக்கொள்ளலாமா? இங்கே ஹீட்டர், ஃபாகர் எதுவும் தேவைப்படாது அல்லவா?

கிளைவாசி:

வேண்டாம் தம்பி. அது இந்தியப் பச்சோந்தி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற விலங்கு, பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், காட்டில் பிடித்த பச்சோந்தி கூண்டுக்குள் பெரும்பாலும் தீனியெடுக்காது. நாங்கள் இங்கே இவ்வளவு விளக்கும் குழாயும் மாட்டிச் செய்து பார்க்கிற இடம், உங்கள் வேலியில் இயற்கையாகவே இருக்கிறது. அந்த வேலியை வெட்டாதீர்கள், மருந்து அடிக்காதீர்கள், பூச்சி இருந்தால் அது வந்துகொண்டே இருக்கும்.

ஸ்காபுரோ_அப்பா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடையில் தொட்டியை எடுத்துக்கொண்டார்கள், பல்புகளைத் திருப்பி எடுக்கவில்லை, பரவாயில்லை. 60, 60, 120 அளவில் வலைக்கூண்டு வாங்கி மூன்று பக்கமும் பிவிசி தகடு அடைத்தோம். மகனுடைய அறையின் உள்மூலையில் மேசை மேல் இருக்கிறது. குஞ்சை எடுக்கும் நாளை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன், கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். ஐந்து நாளாக வெறும் கூண்டை ஓட்டிப் பார்க்கிறோம். மகன் காலையும் இரவும் கொப்பியில் எழுதுகிறான்: கிளையில் முதலில் 33 வந்தது, பல்பை உயர்த்தியதும் 29க்கு வந்துவிட்டது, கீழே 22, பகலில் ஈரம் 38, இரவில் 84.

ஒரே ஒரு கவலை. ஃபைகஸ் மரம் உள்ளே வைத்த மூன்றாம் நாளிலிருந்து இலை கொட்டுகிறது, அடித்தட்டு நிறைய இலை. தண்ணீர் கூடிவிட்டதா, சூடு கூடிவிட்டதா?

கிளைவாசி:

இரண்டும் இல்லை அண்ணா, இடம் மாற்றினால் ஃபைகஸ் எப்போதும் இலையைக் கொட்டும். மேல்மண் ஒரு விரல் ஆழத்துக்குக் காய்ந்தபின் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், மறுபடி இடம் மாற்றாதீர்கள், சில வாரத்தில் புதுத்துளிர் வரும். அதுவரை அந்தப் பக்கம் மறைவாக இருக்க மணி பிளாண்டை மேல்கிளையில் சுற்றி விடுங்கள். குஞ்சு வந்த முதல் வாரம் கையில் எடுக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள், தண்ணீர் குடிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.