"சுடாஹ், பு!" என்றார்கள், புரிந்திருந்ததா? இந்தோனேசிய வகுப்பறையில் மொழி தடுக்கிய தருணங்கள் (பலர் எழுதிய அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

கல்பலகை:

மத்திய ஜாவாவில் சோலோ பக்கம் ஓர் அரசு ஆரம்பப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு, பின்னக் கூட்டல். எஸ்டி (அங்கே ஆரம்பப் பள்ளிக்குப் பெயர்) வகுப்பு எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ½ + ⅓. டீச்சர் பகுதியைச் சமமாக்கி 3/6 + 2/6 என்று எழுதி 5/6 வரை நிதானமாகத்தான் கொண்டுபோனார். பிறகு வழக்கமான கேள்வி: "சுடாஹ் பஹாம்?" (புரிஞ்சாச்சா?) மொத்த வகுப்பும் ஒரே குரலில் "சுடாஆஹ், பு!" (ஆச்சு, டீச்சர்! "பு" என்பது "இபு", அதாவது அம்மா என்பதன் சுருக்கம்.)

மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளையின் நோட்டில் 2/5 என்று இருந்தது. மேலே உள்ளதைத் தனியாகவும் கீழே உள்ளதைத் தனியாகவும் கூட்டியிருந்தாள். டீச்சர் குனிந்து மெதுவாக, "புரிஞ்சுதா?" என்று மறுபடி கேட்டார். "ங்கிஹ், பு" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையை அந்த 2/5 மேல் வைத்து மூடிக்கொண்டாள். டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். மூடிய அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அவள் பொய் சொல்லவில்லை. ஜாவானியத்தில் பெரியவரிடம் சொல்லும் "ங்கிஹ்" என்பதற்கு "நீங்கள் சொன்னதை மரியாதையோடு கேட்டுக்கொண்டேன்" என்பதுதான் முதல் பொருள். புரிந்ததா, ஒப்புக்கொள்கிறாளா என்பதெல்லாம் வேறு கணக்கு. "ங்கிஹ் ங்கிஹ் ஓரா கெபங்கிஹ்" என்று அவர்களே சொல்வார்கள்: வாய் ஆமாம் ஆமாம் என்கும், காரியத்தில் ஒன்றையும் காணோம். அந்த டீச்சரும் ஜாவாக்காரர்தான். வீட்டில் இதே "ங்கிஹ்" கேட்டால் அவருக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். வகுப்பில், இந்தோனேசிய மொழியில் கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்தபோதுதான் விளங்காமல் போனது.

தெற்கு சுலவேசி:

மக்காசாரில் நடந்தது. ஜாவாவிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர், முதல் வாரம். காலை எட்டு மணிக்கு ஒரு பையன் எழுந்து, "ஜாம் பெராபா கித்தா பூலாங், பு?" என்று கேட்டான். "நாம எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறோம்?" என்றுதான் அவர் காதில் விழுந்தது. பாடம் தொடங்கும் முன்பே வீட்டு நினைப்பா என்று திட்டு விழுந்தது. பையன் முகம் சுருங்கிப் போய் உட்கார்ந்தான்.

அவன் கேட்டது "நீங்க எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க, டீச்சர்?" மக்காசார் பேச்சில் "கித்தா" மரியாதையான "நீங்கள்". பெரியவரிடம் "காமு" (நீ) என்று சொல்லக்கூடாதென்றுதான் தன்னிடம் இருந்த சொற்களிலேயே பணிவானதை எடுத்துப் போட்டான். திட்டு வாங்கியது அந்தப் பணிவுதான்.

புதிதாகப் போகிறவர்கள் முதல் நாளே காதில் ஏற்றிக்கொள்ள வேண்டியவை இரண்டு. வினைச்சொல்லின் வாலில் "கி" ஒட்டி வந்தால் அது மரியாதை: "டுடுக்-கி, பு" என்றால் "உட்காருங்க டீச்சர்". ஆமாம் என்பதற்கு "இயே" பணிவு, "இயோ" சமவயதுக்காரனிடம். பெரியவர்களுக்கு முன்னால் குனிந்து வலது கையைத் தாழ்த்தி "தாபே" என்று சொல்லிக் கடக்கிற பிள்ளையைப் பார்த்தாலே பழக்கம் புரிந்துவிடும்.

மனாடோ மேடு:

மேலே எழுதியவருக்கு: "கித்தா மரியாதைச் சொல்" என்று யாரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். அதே சுலவேசித் தீவின் வடமுனையில், மனாடோவில், "கித்தா" என்றால் "நான்". "கித்தா சோ பெகெங், பு" என்று ஒரு பெண் சொன்னாள், "நான் செஞ்சு முடிச்சிட்டேன்." வெளியூர் டீச்சர் "நாங்க எல்லாரும் முடிச்சிட்டோம்" என்று எடுத்துக்கொண்டு மொத்தக் குழுவின் நோட்டையும் வாங்கினார். மற்ற மூன்று பேரும் வெறும் பக்கத்தை நீட்டினார்கள். அந்தப் பெண் ஏதோ மாட்டிவிட்டவள் போல ஆகிவிட்டாள்.

இதற்கடியில் இன்னொன்று இருக்கிறது. பாடநூல் இந்தோனேசியத்தில் "கித்தா" என்றால் நாம், "காமி" என்றால் நாங்கள். தமிழில் பிறந்த நமக்கு இந்தப் பிரிவைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆனால் மனாடோ மலாயில் இரண்டுக்கும் "தோராங்" ஒன்றுதான். வீட்டுப் பேச்சில் இல்லாத பிரிவைக் கட்டுரையில் எழுதச் சொல்கிறோம், அது பிசகும்போது "கவனக்குறைவு" என்று சிவப்பு மை போடுகிறோம். பலகையில் இரண்டு பத்தி போட்டால் போதும். இடப்பக்கம் கித்தா, ஙானா, தோராங், டோராங். வலப்பக்கம் சாயா (நான்), காமு (நீ), கித்தா (நாம்) அல்லது காமி (நாங்கள்), மெரேகா (அவர்கள்). தோராங்குக்கு நேரே மட்டும் இரண்டு கோடு பிரியும். பிழை விழுகிற இடம் அதுதான். பத்து நிமிஷ வேலை.

கடைசிபெஞ்ச்:

எங்கும் நடப்பது, ஆனால் யாரும் எழுதுவதில்லை: வால் பிடிக்கும் பதில். டீச்சர் சொல்லின் தலையைச் சொல்லிக் குரலை ஏற்றி நிறுத்துவார், வகுப்பு வாலைச் சொல்லும். "தண்ணீர் உயரமான இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போகும்? ரென்..." "டாஹ்!" (ரென்டாஹ் என்றால் தாழ்வு.)

ஒரு நாள் டீச்சருக்கு வாய் தவறிவிட்டது. "ஆயிர் மெங்ஙாலிர் டாரி தெம்பாட் ரென்டாஹ் கெ தெம்பாட் யாங் திங்..." தாழ்விலிருந்து எங்கே? கண் இமைக்கும் முன் முழு வகுப்பும்: "கி!" திங்கி, உயரம். தண்ணீர் மேட்டுக்கு ஏறிவிட்டது. ஒரு பிள்ளை கூட நிறுத்தவில்லை. டீச்சரே இரண்டு நொடி கழித்துத்தான் பிடித்தார்.

பிள்ளைகள் பதில் சொல்வது கேள்விக்கு இல்லை, அந்த ஏறுகுரலுக்கு. கல்பலகை சொன்ன "சுடாஹ் பஹாம்?" இதே ராகம்தான்.

பயிற்றுநர்_அக்கா:

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். ஜோக்ஜா (யோக்யகர்த்தா) பக்கம் ஒரு டீச்சர் "சுடாஹ் பஹாம்?" கேட்பதையே விட்டுவிட்டு, "பாகியான் மானா யாங் பெலும்?" என்று கேட்கத் தொடங்கினார், "எந்தப் பகுதி இன்னும் ஆகலை?" முதல் நாள் ஒரு கையும் உயரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பையன் பலகையில் ஒரு வரியைச் சுட்டி "இத்து, பு" (அது, டீச்சர்) என்றான். ஒரே சொல்தான். அவ்வளவுதான் நான் பார்த்தது.

ஆனால் கல்பலகை எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. இப்படிச் செய்யுங்கள்.

"திடாக் பஹாம்" (புரியலை) என்று பிள்ளையைச் சொல்லவைக்காதீர்கள். "திடாக்" கதவைச் சாத்திவிடும், "பெலும்" திறந்து வைக்கும். கல்யாணம் ஆச்சா, சாப்பிட்டாச்சா என்று எதைக் கேட்டாலும் அந்த ஊரில் "பெலும்"தான் வரும், இன்னும் இல்லை. அதைச் சொல்வதில் "மாலு" குறைவு. வெட்கமும் அவமானமும் சேர்ந்த அந்த உணர்வுக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, வாயால் பதில் வாங்காதீர்கள், கையால் வாங்குங்கள். ஏ4 தாளை நாலாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு. ஒரே ஒரு கணக்கு. மூன்று நிமிஷம். பெயர் வேண்டாம். வாங்கி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: சரி, 2/5 மாதிரி ஒரே வகைத் தப்பு, வெற்று. இரண்டாவது குவியல் பெரிதாக இருந்தால் மறுநாள் அங்கிருந்தே தொடங்குங்கள். "யார் எழுதினது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு தடவை கேட்டாலே எல்லாம் பாழ், அடுத்த வாரம் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

அந்த 2/5 பிள்ளைக்கு விதியைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. தாளை நீளவாட்டில் இரண்டாக மடிக்கச் சொல்லுங்கள், பிறகு குறுக்கே மூன்றாக. விரித்தால் ஆறு கட்டம். பாதி மூன்று கட்டம், மூன்றில் ஒன்று இரண்டு கட்டம், சேர்த்து ஐந்து. பிறகு ஒரே கேள்வி: "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியை விடக் குறையுமா?" 2/5 பாதிக்கும் குறைவு என்று அவளே கண்டுபிடிக்கட்டும். 2/5-ஐத் தசமமாகக் காட்டுவதானால், அங்கே தசமத்துக்குக் காற்புள்ளிதான், 0,4 என்று எழுத வேண்டும். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் புள்ளி வைத்துக் குழப்புகிறார்கள், அவர்களுக்குப் புள்ளி ஆயிரத்துக்கு.

கேள்வி கேட்டபின் மனதுக்குள் எட்டு எண்ணுங்கள். முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லட்டும், வீட்டு மொழியிலேயே. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இந்தோனேசியத்தில் சொல்லட்டும். தப்பானால் அது இரண்டு பேருடைய தப்பு, தனியாக யாருக்கும் மாலு இல்லை. இடது கையால் தாளை வாங்காதீர்கள், நீட்டவும் செய்யாதீர்கள்.

ஹனசரகா:

அக்கா, "வீட்டு மொழியிலேயே சொல்லட்டும்" என்பது அத்தனை எளிதில்லை. ஜாவானியத்தில் எந்தப் படி? தோழனிடம் ஙொக்கோ, சாதாரணப் பேச்சு. டீச்சரிடம் திரும்பிச் சொல்ல வேண்டி வந்தால் க்ரோமோ, மரியாதைப் பேச்சு. இப்போதைய பிள்ளைகள் பலருக்கு அது தட்டுத்தடுமாறித்தான் வருகிறது.

மத்திய ஜாவாவில் ஜாவானியம் கட்டாயப் பாடம். அந்த வகுப்பிலேயே இது நடந்தது. டீச்சர் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். பையன் எழுந்து கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, "குலோ சம்புன் டஹர், பு." வகுப்பே சிரித்தது. "டஹர்" அடுத்தவரை உயர்த்திச் சொல்லும் க்ரோமோ இங்கில். தன்னைச் சொல்லும்போது "நெடா" என்றிருக்க வேண்டும். "நான் உணவருந்த எழுந்தருளினேன்" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டது மாதிரி. அவன் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, மரியாதையை எங்கே வைப்பது என்பதில்தான் பிசகினான். அடுத்த கேள்வியிலிருந்து இந்தோனேசியத்தில்தான் பதில் சொன்னான்.

இப்படித்தான் அந்த மொழி வாயிலிருந்து கழல்கிறது. தவறிச் சொன்னால் சிரிப்பு, இந்தோனேசியத்தில் சொன்னால் ஒன்றுமில்லை. சொல் பட்டியலாக மனப்பாடம் செய்யவைப்பதை விட, "எனக்கு நெடா, உங்களுக்கு டஹர்", "எனக்கு தீலெம், உங்களுக்கு சாரே" என்று ஆள் பார்த்து ஜோடியாகச் சொல்லவைத்தால் இந்தப் பிழை விழாது. தூங்கு, போ, வா, வீடு, கை, கண் என்று அன்றாடச் சொல் இருபதில் தொடங்கலாம்.

பாண்டுங் மழை:

ஹனசரகா, அதே "டஹர்" மேற்கு ஜாவாவில், சுண்டா மொழி பேசும் பக்கம் வந்தால் தலைகீழ். பாண்டுங்கில் அது தோழனிடம் சொல்வது. பெரியவருக்கு "துவாங்", தனக்கு "நெடா". ஜாவானியம் பேசும் பக்கத்திலிருந்து வந்த பிள்ளை டீச்சரிடம் பணிவாக "டஹர்" என்று கேட்டு முறைப்பு வாங்கியது இங்கே. "ஆமிஸ்" சுண்டாவில் இனிப்பு, ஜாவானியத்தில் மீன் வாடை. "கெடாங்" இங்கே பப்பாளி, அங்கே வாழைப்பழம். அறிவியல் பாடத்தில் பழத்தின் பெயர் சொல்லச் சொன்னால் படத்தையும் காட்டிவிடுங்கள்.

சட்டப்பிரிவு:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். "வகுப்பில் வட்டார மொழி பேசினால் விதிமீறல்" என்று ஒரு தலைமையாசிரியர் சக ஆசிரியர்கள் முன்னால் இளம் டீச்சரைக் கண்டித்ததைப் பார்க்க நேர்ந்தது. டீச்சர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு "கழித்தல்" என்பதை வீட்டுச் சொல்லில் விளக்கியிருந்தார், அவ்வளவுதான். தலைகுனிந்து "பாயிக், பாக்" (சரி, சார்) என்றார்.

கண்டித்தது தவறு. 2003-ஆம் ஆண்டின் 20-ஆம் எண் தேசியக் கல்விச் சட்டம், பிரிவு 33: பயிற்றுமொழி இந்தோனேசியம். அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, கல்வியின் தொடக்கக் கட்டத்தில் அறிவையோ திறனையோ சேர்ப்பிக்கத் தேவைப்பட்டால் வட்டார மொழியையும் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம் என்கிறது. இந்த உட்பிரிவை அச்செடுத்து ஆசிரியர் அறையில் ஒட்டிவையுங்கள். அரசே 2022-இல் "மெர்டேக்கா பெலாஜார்" (சுதந்திரக் கற்றல்) வரிசையில் வட்டார மொழிப் புத்துயிர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. 700-க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது.

தெற்கு சுலவேசி:

மனாடோ மேடு, நான் "மக்காசார் பேச்சில்" என்றுதானே எழுதினேன்? எல்லா ஊருக்கும் என்று சொல்லவில்லை. உங்கள் இரண்டு பத்திப் பலகை நல்ல யோசனை. எங்கள் பக்கத்துக்குக் "கித்தா" இரண்டு பத்தியிலும் வரும், இடப்பக்கம் நீங்கள், வலப்பக்கம் நாம்.

ஜயபுரா வழி:

பப்புவா. பின்தங்கிய, எல்லையோரப் பகுதிகளுக்கு இளம் பட்டதாரிகளை ஆசிரியர்களாக அனுப்ப 2011-இல் தொடங்கிய எஸ்எம்-3டி போன்ற திட்டங்களில் ஓராண்டுக்கு வந்த இளம் ஆசிரியர்கள் பலருக்கும் முதல் அடி "கோ"தான். "இபு, கோ சு மாகான்?" என்று ஒரு பிள்ளை கேட்டதும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது, "நீ தின்னியா" என்று காதில் விழுந்திருக்கிறது. பப்புவா மலாயில் "கோ" சாதாரண "நீ/நீங்கள்", அதில் இழிவு இல்லை. "இபு" என்று விளித்ததிலேயே மரியாதை வந்துவிட்டது. கேட்ட பிள்ளை கையில் வாழை இலையில் சுற்றிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்திருந்தாள்.

கல்பலகை:

அக்கா, தாள் மடிப்பை அந்த டீச்சரிடம் சொன்னேன், செய்துபார்த்தார். மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை ஆறு கட்டத்தையும் விரலால் தொட்டு எண்ணினாள், இந்தோனேசியத்தில் இல்லை, ஜாவானியத்தில், "சிஜி, லோரோ, தெலு" (ஒன்று, இரண்டு, மூன்று) என்று வாய்க்குள்ளேயே. ஐந்தாவதில் நின்றாள். "சுடாஹ் பஹாம்?" என்று டீச்சர் பழக்கத்தில் கேட்டுவிட்டார். இந்தத் தடவை "தெரெங், பு" என்றாள், இன்னும் இல்லை, க்ரோமோவிலேயே. ஆறாவது கட்டத்தைக் காட்டி, "இது எங்கே போச்சு?" என்று கேட்டாள்.