வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும் நெல்: ஆராய்ச்சி உழவரின் வயலை எட்டியதா?

கேள்வி – மருதநிலம்

உணவுப் பாதுகாப்பில் அறிவியல் ஆராய்ச்சியின் பங்கு குறித்துக் கட்டுரை எழுதி வருகிறேன். பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்களைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். ஆனால் அவற்றின் பலன் பெரும்பாலும் நல்ல பாசன வசதி உள்ள நிலங்களுக்கே கிடைத்தது. தாழ்வான நிலத்தில், ஆண்டுதோறும் வெள்ளத்துக்குப் பயந்து சாகுபடி செய்யும் சிறு உழவருக்கு ஆராய்ச்சி என்ன செய்திருக்கிறது? வெள்ளத்தைத் தாங்கும் சுவர்ணா சப்-1 நெல் ரகத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அது மரபணு மாற்றப் பயிரா? வயலில் அது உண்மையிலேயே பயன் தந்ததா?

பதில் 1 – நாற்றங்கால்

அது மரபணு மாற்றப் பயிர் அன்று. ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்ஆர்13ஏ என்ற நெல், முழுதாக நீரில் மூழ்கினாலும் பிழைக்கும் என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரியும். ஆயினும் அதன் விளைச்சல் குறைவு என்பதால் யாரும் அதை விரும்பிப் பயிரிடவில்லை. அந்தத் தாங்கும் தன்மை ஒன்பதாவது குரோமோசோமில் இருப்பதை 1996-இல் ஆய்வாளர்கள் கெனாங் ஷூவும் டேவிட் மெக்கிலும் கண்டறிந்தார்கள். அவர்களோடு ஆய்வாளர் பமீலா ரொனால்டும் சேர்ந்த குழு, அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-இல் அடையாளம் காட்டியது.

அது வேலை செய்யும் விதம் வியப்பானது. சாதாரண நெல், மூழ்கியதும் எப்படியாவது நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிடத் துடித்து இலைகளை நீட்டும். அதிலேயே சேமிப்பு மாவுச்சத்தெல்லாம் தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் நிற்க வலுவில்லாமல் சாய்ந்துவிடும். சப்1ஏ உள்ள நெல்லோ வளர்ச்சியை அடக்கிக்கொண்டு, இருப்பைச் செலவழிக்காமல் காத்திருக்கும். வெள்ளம் வடிந்தபின் அந்த இருப்பைக்கொண்டே மறுபடி துளிர்க்கும். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த ஒரு பகுதியை மட்டும், அது இருக்கும் செடியை அடையாளம் காட்டும் மரபணுக் குறியீடுகளின் துணையோடு, உழவர்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்டுவந்த சுவர்ணாவுக்குள் மீள்கலப்பு முறையில், அதாவது கலந்து கிடைத்த செடியை மறுபடி மறுபடி சுவர்ணாவோடே கலந்து, கொண்டுவந்தார்கள். சோற்றின் தன்மையும் வயதும் பெரிதாக மாறாததால்தான், 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டதும் உழவர்கள் அதைத் தயங்காமல் ஏற்றார்கள் என்று கருதுகிறேன்.

பதில் 2 – கடைமடை

நான் காவிரிக் கடைமடையில் சம்பா சாகுபடி செய்பவன். எங்கள் பக்கம் இதே மரபணுவைச் சேர்த்த சிஆர் 1009 சப்-1 வந்திருக்கிறது. ஒரு கார்த்திகை மழையில், நட்டு ஒரு மாதமான பயிர் ஒன்பது நாள் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த அன்று பார்த்தால் தோகையெல்லாம் சேறு படிந்து பழுத்துக் கிடந்தது; எல்லாம் போயிற்று என்றே எண்ணினேன். ஆனால் ஒரு குத்தைப் பிடுங்கிக் கிள்ளிப் பார்த்தபோது தண்டின் அடிப்பகுதி அழுகாமல், வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. ஒரு வாரத்தில் நடுக்குருத்து பச்சை பிடித்தது. வரப்புக்கு அந்தப் பக்கத்து வயலில் இருந்த பழைய ரகத்தை மறுபடி நட வேண்டியிருந்தது.

அதற்கும் எல்லை உண்டு என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் வரைதான் அது தாங்கும். நேரடி விதைப்பில் முளைக்கும்போதே தண்ணீர் நின்றாலோ, பூக்கும் சமயத்தில் வெள்ளம் வந்தாலோ இந்த மரபணு காப்பாற்றாது. வடிகாலைத் தூர்வாராமல் விதையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பதில் 3 – களஞ்சியம்

பயன் தந்ததா என்று கேட்டிருந்தீர்கள். ஒடிசாவில் உழவர்களின் சொந்த வயல்களிலேயே சோதித்து 2013-இல் வெளியான ஆய்வின்படி, பத்து நாள் மூழ்கிய வயலில் சுவர்ணா சப்-1, சுவர்ணாவைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராத வயலில் விளைச்சல் குறையவும் இல்லை. அந்த ஆய்வில் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. வெள்ளம் தேங்கும் பள்ளமான நிலங்கள் பட்டியல் சாதியினரிடமே அதிகம் இருந்ததால், பலனும் அவர்களுக்கே கூடுதலாகச் சேர வாய்ப்பிருந்தது. ஒரு மரபணு, நில உரிமையின் அநீதியைத் தீர்க்காது. ஆனாலும் அந்த நிலத்தில் நிற்பவரின் சோற்றை அது காத்தது.

விளைச்சல் குறைவென்று எஃப்ஆர்13ஏ விதையை அன்றே கைவிட்டிருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது. விதை வங்கிகளுக்கான பொது நிதியை வீண் செலவு என்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

மருதநிலம்

மிக்க நன்றி. இந்த விதையை உழவர்களே எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாமா?

கடைமடை

தாராளமாக விதைக்கலாம், விதையெடுத்து விதைத்தால் குணம் மாறிவிடும் வீரிய ஒட்டு ரகம் அன்று இது. ஆனால் வெள்ளம் வராத ஆண்டில் பழைய 1009-க்கும் இதற்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆகவே களத்திலேயே தனியாக அடித்து, மூட்டையின் மேல் பெயரெழுதி வைத்துவிடுகிறேன்.