ரேக், ரேக்பேக்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் அகராதிக்கு இந்த இரண்டு சொற்களும் வேண்டும்.

இணையப் போக்கர் பற்றித் தமிழில் எழுதும்போது ரேக் (ஆட்டத்தை நடத்தும் தளம் தனக்கென எடுத்துக்கொள்ளும் பங்கு) என்பதைக் கட்டணம், வரி, கமிஷன் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். செலவைக் குறைப்பதைப் பற்றிப் பேச வந்தால் இந்தக் குழப்பம் கணக்கையே கெடுத்துவிடும்.

வரி அரசுக்குப் போவது, அது பொருந்தாது. கட்டணம் என்பது முன்கூட்டியே தெரிந்த தொகை. போட்டி ஆட்டங்களில் பரிசுக்கு 100, தளத்துக்கு 10 என 100+10 வாங்குகிறார்களே, அந்தப் 10க்கு அது சரி. ஒவ்வொரு ஆட்டத்திலும் நேரடியாகப் பணம் வைத்து ஆடும் காசு மேசையிலோ ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் போட்ட பந்தயக் குவியலிலிருந்து 5 விழுக்காடு போல எடுத்துக்கொண்டு மீதியைத்தான் வென்றவரிடம் தருகிறார்கள். சம்பளச் சீட்டில் பார்க்கும் 'பிடித்தம்' இதற்கு அப்படியே பொருந்துகிறது. அதன் மேல்வரம்புக்கு 'உச்சவரம்பு' போதும். பிடித்ததில் ஒரு பங்கைப் பிறகு ஆட்டக்காரருக்கே திருப்பித் தரும் ரேக்பேக் என்பதைப் 'பிடித்த மீட்பு' எனலாமா?

---

வணக்கம் ஐயா.

பிடித்தம் மிகப் பொருத்தம். 'பிடித்த மீட்பு' வேண்டாம். விருப்பமான மீட்பு என்றே படிப்பவர் கொள்வார். 'தள்ளுபடி'யும் ஆகாது. தள்ளுபடி பணம் வாங்கும்போதே குறைப்பது. இதுவோ முழுதும் பிடித்துவிட்டு, வாரமோ மாதமோ கழித்து ஒரு பங்கைத் தருவது. 'திருப்புத்தொகை' என்று வைக்கலாம்.

அதோடு இன்னும் இரண்டு சொற்கள் தேவை. ஒரு ஆட்டத்தின் பிடித்தத்தை ஆட்டக்காரர்கள் பெயரில் எப்படிப் பிரித்து எழுதுகிறார்கள் என்பதுதான் திருப்புத்தொகையைத் தீர்மானிக்கிறது. அறுவர் மேசை, குவியல் 40, பிடித்தம் 2 என்று கொள்வோம். சீட்டு வாங்கிய எல்லாருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 0.33. போட்ட பணத்துக்கு ஏற்பப் பிரித்தால் 20 போட்டவர் பெயரில் 1.00, 4 போட்டவர் பெயரில் 0.20. முதல் முறை 'தலைக்கணக்கு', இரண்டாவது 'இட்டகணக்கு'. நிறைய ஆட்டங்களில் முதலிலேயே சீட்டைக் கவிழ்த்துவிடுபவருக்குத் தலைக்கணக்குதான் லாபம்.

'மொத்தம்', 'நிகரம்' என்ற வேறுபாட்டையும் விட்டுவிடக் கூடாது. ஏமாறும் இடம் இதுதான். ஒரு மாதப் பிடித்தம் 400. அதே மாதம் தளம் கொடுத்த போனஸ் 100. போனஸைக் கழித்த நிகரத்தில் 30 விழுக்காடு என்றால் 300க்குத்தான் கணக்கு, கிடைப்பது 90. மொத்தத்தில் 27 விழுக்காடு தரும் தளத்தில் 108 கிடைக்கும். விழுக்காட்டை மட்டும் பார்த்துத் தளத்தைத் தேர்ந்தால் இங்கே அடிபடும்.

---

திருப்புத்தொகை, தலைக்கணக்கு, இட்டகணக்கு மூன்றையும் ஏற்கிறேன். வரையறையோடு சில எச்சரிக்கைகளையும் சேர்க்க வேண்டும்.

விழுக்காட்டை எதன்மேல் கணக்கிடுகிறோம் என்று எழுதியே ஆக வேண்டும். 100+10இல் கட்டணம் 10 விழுக்காடு என்பது பரிசுக்குப் போகும் 100இன் மேல். கையிலிருந்து போகும் 110இன் மேல் அது 9.09தான்.

உச்சவரம்பைச் சொல்லாமல் பிடித்தத்தின் விழுக்காட்டை மட்டும் சொல்வதில் பயனில்லை. 5 விழுக்காடு, உச்சவரம்பு 3 என்று இருக்கட்டும். பெரிய பிளைண்ட் (ஆட்டத் தொடக்கத்தில் இருவர் கட்டாயமாகப் போடும் பந்தயங்களில் பெரியது) 0.10 உள்ள மேசையில் குவியல் 4 ஆனால் பிடித்தம் 0.20, அதாவது இரண்டு பெரிய பிளைண்ட். பெரிய பிளைண்ட் 10 உள்ள மேசையில் குவியல் 400 ஆனாலும் பிடித்தம் 3தான், 0.3 பிளைண்ட். சிறு மேசைகளை வெல்வது கடினமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பல தளங்களில் ஃப்ளாப் (நடுவில் திறந்து வைக்கும் முதல் மூன்று சீட்டுகள்) விழாமல் முடிந்த ஆட்டத்துக்குப் பிடித்தம் கிடையாது. ஆகவே பிடித்தம் கூடுதலான மேசையில், சிறு பிளைண்ட் போட்ட இடத்தில் இருந்துகொண்டு வெறுமனே பந்தயத்தை ஈடுகட்டி ஃப்ளாப் பார்ப்பதைவிட, பந்தயத்தை உயர்த்துவது அல்லது சீட்டைக் கவிழ்ப்பது சிக்கனம். செலவைக் குறைக்கத் திருப்புத்தொகை மட்டுமே வழி இல்லை என்பதை இந்தச் சொல்லின் கீழ் கட்டாயம் எழுதுவோம்.

இணைமுகவர் (தளத்துக்கு ஆள் சேர்த்துவிடுபவர்) வழியாகக் கிடைக்கும் திருப்புத்தொகைக்குப் பெரும்பாலும் கணக்குத் தொடங்கும்போதே அவருடைய இணைப்பில் வந்திருக்க வேண்டும். பழைய கணக்கோடு பிறகு சேர்ப்பது அரிது. அதற்காக இரண்டாம் கணக்குத் தொடங்கினால் விதிமீறல்; பணத்தோடு கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

இன்னொன்று, நூறு ஆட்டத்துக்குப் பிடித்தம் 8 பிளைண்ட், திருப்பு 30 விழுக்காடு என்றால் திரும்புவது 2.4. பிடித்தத்தையும் சேர்த்து 4 பிளைண்ட் இழப்பவர் அப்போதும் 1.6 இழக்கிறார், திருப்புத்தொகைக்காகக் கூடுதலாக ஆடினால் இழப்புதான் கூடும். 'வருமானம்' என்ற சொல்லை இதன் பக்கத்தில் வைக்கவே கூடாது.

அகராதிக்கு இப்படி எழுதலாம்:

திருப்புத்தொகை: ஆட்டக்காரர் பெயரில் தலைக்கணக்காகவோ இட்டகணக்காகவோ எழுதப்பட்ட பிடித்தத்தில், தளமோ இணைமுகவரோ பின்னர் அவருக்குத் திருப்பித் தரும் பங்கு. மொத்தத்தின் மேலா, நிகரத்தின் மேலா என்று குறிக்க வேண்டும்.

ஃப்ளாப், பிளைண்ட் இரண்டும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.