அம்மாவுக்கு கீழ்க் கடைவாய்ப் பல் ரெண்டு இல்ல, கட்டுனா பழையபடி மெல்ல முடியுமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, சுகர் இருக்கு. கீழ இடது பக்கம் கடைசி ரெண்டு கடைவாய்ப் பல்லும் எடுத்தாச்சு, வலி போனதும் அப்படியே விட்டுட்டாங்க. இப்ப எல்லாத்தையும் வலது பக்கமே போட்டு மெல்லுறாங்க. கறி எடுத்தா கொழம்ப மட்டும் ஊத்திக்கிட்டு கறிய தம்பி தட்டுல தள்ளிவிடுறாங்க, முறுக்கு தட்டைலாம் தொடுறதே இல்ல, கேட்டா புடிக்கலங்குறாங்க. கல்யாணப் பந்தியில மத்தவங்க எந்திரிக்கும்போது இவங்க எலையில பாதி அப்படியே கெடக்கும், அதுக்கு கூச்சப்பட்டே இப்பல்லாம் மொய் எழுதிட்டு சாப்பிடாம வந்துடுறாங்க. ஒரு கிளினிக்ல பாத்த உடனே ரெண்டு இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்புல ஸ்க்ரூ வச்சு அதுமேல கட்டுற பல்லு, போடணும்னு பெரிய தொகை சொன்னாங்க, வேற வழி எதுவுமே சொல்லல. என்ன பண்றது?

பொருநை அக்கா:
எங்க அப்பாவுக்கு இதே நெலமதான் தம்பி, ரெண்டு பக்கமும். கழட்டி மாட்டுற பல்செட், மெட்டல்ல செஞ்சது போட்டோம். மொதல்ல ஈறுல உரசி புண்ணாச்சு, திரும்ப திரும்ப போய் தேச்சு சரி பண்ணுனப்புறம்தான் செட் ஆச்சு, அதுக்குள்ள வேணாம்னு டப்பாக்குள்ள போட்டுறாதீங்க. இப்ப சப்பாத்தி, கொண்டைக்கடலை, கறி எல்லாம் சாப்பிடுறாரு. சொந்தப் பல்லு மாதிரி அழுத்தம் வராது, எள்ளு, கொய்யா விதை அடியில போயிரும். ராத்திரி கழட்டி தண்ணியில போட்டுறணும்.

பல்மருத்துவன்:
நான் பல் டாக்டர். பல்லு போன எல்லா எடத்துலயும் கட்டியே ஆகணும்னு இல்ல. நெதர்லாந்துல கைசர்ங்கிற பல் மருத்துவர் 1981லயே எழுதுனாரு, முன் பல்லும் அதுக்கு அடுத்த சின்ன கடைவாய்ப் பல்லும் மேலயும் கீழயும் நல்லா இருந்தா, மொத்தம் 20, வயசானவங்க நெறைய பேருக்கு அதுவே போதும்னு. ஆனா உங்க அம்மா சாப்பாட்டையே மாத்திக்கிட்டாங்க, பந்திக்கு போறதயே விட்டுட்டாங்க, அதனால அவங்களுக்கு கட்டுறது நல்லது. பிரிட்ஜ்ங்கிறது முன்னாடி பின்னாடி இருக்குற பல்லுங்கள புடிச்சு நிக்கிற கட்டுப் பல்லு, பின்னாடி புடிச்சுக்க பல்லு இல்லாததால வழக்கமான பிரிட்ஜ் நிக்காது, இம்ப்ளான்ட் இல்லன்னா கழட்டுற செட், இந்த ரெண்டுதான். சுகர் இருக்கிறதால மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் கட்டாயம் பாக்கணும், சுகர் கட்டுக்குள்ள இருந்தா இம்ப்ளான்ட் போடலாம், எகிறிக் கெடந்தா புண்ணு ஆறாது, எலும்போட சேராம போற வாய்ப்பும் அதிகம். எலும்பு தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்தா அதயும் முன்கூட்டியே சொல்லிருங்க.

கொங்குநாட்டான்:
எனக்கு கீழ கடைவாயில இம்ப்ளான்ட் இருக்குங்க. ஸ்க்ரூ எலும்போட சேர மூணு மாசத்துக்கு மேல காத்திருந்து அப்புறம்தான் மேல பல்லு வச்சாங்க. மெல்லுறதுல இப்ப ஒரு குறையும் இல்லைங்க, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மெல்லுறேன், காதோரம் தாடை வலிச்சதும் நின்னுபோச்சு. ஒண்ணு மட்டும், சோத்துல கல்லு கெடந்தா சொந்தப் பல்லுல சுருக்குன்னு தெரியும் பாருங்க, இதுல அந்த உணர்வு கம்மி. பல்லு இடுக்கு பிரஷ் வச்சு தெனம் சுத்தம் பண்ணணும், இல்லன்னா சுத்தி ஈறு வீங்கி எலும்பு கரைஞ்சிடும்ங்க.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிங்க. டாக்டர், காசு சேர ஒரு வருசம் ஆகும், அதுவரைக்கும் சும்மா விடலாமா?

பல்மருத்துவன்:
சும்மா விடாதீங்க. கீழ தடுக்க பல்லு இல்லாததால மேல் பல்லு கொஞ்சம் கொஞ்சமா எறங்கி வரும், எலும்பும் தேயும், அப்புறம் பல்லு வைக்க எடமே பத்தாது. இப்போதைக்கு ஒரு சாதா பல்செட் போட்டுக்கலாம். அரசு பல் மருத்துவக் கல்லூரிங்கள்ல செலவு ரொம்ப கம்மி, சென்னையில கோட்டை ஸ்டேஷன் பக்கம் ஒண்ணு இருக்கு, காலையிலயே போயிருங்க. சுகர் ரிப்போர்ட்டும் சாப்பிடுற மாத்திரை சீட்டும் கையில இருக்கட்டும்.