‘ட்வெல் டைம்’: தங்கு நேரமா, நிற்கும் நேரமா, தரிப்பு நேரமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நகர இலகு ரயில்களின் வேகத்தையும் பயணிகள் எண்ணிக்கையையும் கூட்டுவது குறித்த கட்டுரைகளைத் தமிழாக்கும் வேலையில் இரண்டு மாதமாக இருக்கிறேன். பெரும்பாலான சொற்களில் சிக்கல் இல்லை. ‘இலகு ரயில்’ சிங்கப்பூரிலும் இலங்கையிலும் செய்தி வழக்காகவே நிலைத்துவிட்டது. அந்த ‘இலகு’ வண்டியின் எடையைக் குறிப்பதாகப் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள் என்பது மட்டுமே உறுத்தல். ஒரு வண்டித்தொடர் நாற்பது டன் எடை இருப்பது சாதாரணம். 1972-இல் அமெரிக்காவில் அந்தப் பெயர் வழங்கத் தொடங்கியபோது, பெரிய ரயில்களைவிடக் குறைந்த கொள்ளளவு, எளிய கட்டமைப்பு என்ற பொருளில்தான் வழங்கியது. அது போகட்டும். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடைப்பட்ட நேரமான ‘ஹெட்வே’ என்பதற்கு ‘வண்டி இடைவெளி’ போதும். நான் முட்டிக்கொண்டு நிற்பது, ஆட்கள் இறங்கி ஏறுவதற்காக வண்டி நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தைக் குறிக்கும் ‘ட்வெல் டைம்’ என்ற இடத்தில்.

முதல் வரைவில் ‘நிறுத்த நேரம்’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் அச்சொல்லை மூன்று இடங்களில் மூன்று விதமாகப் புரிந்துகொண்டார்: பிரேக் பிடித்து வண்டி நிற்பதற்கு ஆகும் நேரம், சிவப்பு விளக்கில் நிற்கும் நேரம், நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கி ஏறும் நேரம். பிழை அவருடையதன்று. அந்தச் சொல் மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது. மூலத்தில் குறிக்கப்படுவது மூன்றாவது மட்டுமே.

இது வெறும் சொல் நுணுக்கம் என்று தோன்றினால், ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே 500 மீட்டர். வண்டி ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தை நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டி மணிக்கு 50 கிலோமீட்டரை எட்டுகிறது; அதே வீதத்தில் வேகம் குறைத்து நிற்கிறது. ஓடுவதற்கு மட்டும் ஆகும் நேரம் ஏறக்குறைய 50 நொடி. நிறுத்தத்தில் ஆட்களுக்காக 30 நொடி, வழியில் சிக்னலுக்காக 25 நொடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 105 நொடி. சராசரி வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர்தான். வேகம் போதவில்லை என்று மக்கள் குறைப்பட்டுக்கொண்டால், அதிகாரிகளுக்கு முதலில் தோன்றுவது உச்ச வேகத்தைக் கூட்டுவது. அதை 60 ஆக்கினால் ஓட்ட நேரத்தில் மிச்சமாவது மூன்று நொடிதான், ஏனென்றால் இவ்வளவு குறுகிய தொலைவில் வண்டி உச்ச வேகத்தைத் தொட்ட சிறிது நேரத்திலேயே பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. இப்படி இருபது இடைவெளிகள் கொண்ட பத்துக் கிலோமீட்டர்ப் பாதை முழுவதற்கும் சேர்த்தே ஒரு நிமிடம்தான் மிஞ்சும். மாறாக, உச்ச வேகத்தை 50-இலேயே விட்டுவிட்டு, ஆட்களுக்காக நிற்பதை 20 நொடியாகவும் சிக்னலில் நிற்பதை 5 நொடியாகவும் குறைத்தால் 105 நொடி 75 ஆகிறது. 35 நிமிடப் பயணம் 25 நிமிடமாகிறது.

பயணிகள் எண்ணிக்கையோடு இது நேராகத் தொடர்புடையது. இரு முனைகளிலும் ஐந்தைந்து நிமிடம் விட்டால், முன்பு ஒரு முழுச் சுற்றுக்கு 80 நிமிடம்; எட்டு வண்டிகள் ஓடினால் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. இப்போது சுற்று 60 நிமிடம். அதே எட்டு வண்டிகள், அதே ஓட்டுநர்கள், ஏழரை நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஒரு வண்டியும் புதிதாக வாங்காமல் சேவை அடர்த்தியாகிறது. பயணம் குறுகியதாலும் காத்திருப்பு குறைந்ததாலும் ஆள் சேர்கிறது. வேகத்தை மட்டும் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது ஆதாயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஆட்களுக்காக நிற்பதற்கும் சிக்னலுக்காக நிற்பதற்கும் மருந்து வேறு. முன்னதைக் குறைக்க நடைமேடையும் வண்டித் தளமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், கதவுகள் அகலமாக வேண்டும், பயணச்சீட்டு ஏறும்முன்பே வாங்கியிருக்க வேண்டும், எல்லாக் கதவுகளிலும் ஏறலாம் என்ற ஏற்பாடு வேண்டும். 1987-இல் பிரான்சில் திறந்த கிரெனோபிள் நகர டிராம் தாழ்தள வண்டிகளால் படியேறும் சிரமத்தையே எடுத்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ 2012-இல் தன் சேவைகள் முழுவதிலும் எந்தக் கதவிலும் ஏறலாம் என்று அறிவித்தது. பின்னதற்கான மருந்து தனித் தடமும், வண்டி வரும்போது பச்சை விழச் செய்யும் சிக்னல் முன்னுரிமையும். சூரிக் நகர மக்கள் 1973-இல் சுரங்க ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் தள்ளிவிட்டு, 1977-இல் டிராம்களுக்கும் பேருந்துகளுக்கும் சாலையில் வழிவிடும் செலவுக்கு ஒப்புதல் தந்தார்கள். மெல்பர்னில் சுமார் 250 கிலோமீட்டர் டிராம் பாதை இருந்தும் சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் அளவில் நிற்பதற்கு, அதில் நான்கில் மூன்று பங்கு கார்களோடு பகிர்ந்துகொள்ளும் சாலை என்பது முக்கியக் காரணம். அங்கே கதவை எவ்வளவு அகலமாக்கினாலும் அந்தக் குறை தீராது. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால் நோய்க்கும் மருந்துக்கும் உள்ள பொருத்தம் வாசகருக்குப் பிடிபடாமல் போய்விடும்.

என் முன்மொழிவு: ட்வெல் டைம் என்பதற்கு ‘தரிப்பு நேரம்’. ஈழ வழக்கில் ‘பேருந்துத் தரிப்பிடம்’ அன்றாடச் சொல். ஓடுகிற ஒன்று ஓரிடத்தில் சற்றே நிலைகொள்வது என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. சிலர் சொல்லக்கூடிய ‘தங்கு நேரம்’ எனக்கு உவப்பில்லை. தங்குதல் என்றதும் பாய் விரிப்பதுதான் நினைவுக்கு வருகிறது, இருபது நொடி நிற்கும் வண்டி எங்கே தங்குகிறது? சிக்னலில் நிற்பதற்கு ‘மறிப்பு நேரம்’ என்று யோசித்திருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி:

அன்புத் தம்பிக்கு வணக்கம்.

கணக்கு நன்று. சொல்லில்தான் எனக்குத் தயக்கம். தமிழ்நாட்டில் ‘தரிப்பு’ என்ற சொல்லைப் பொதுமக்கள் காணும் ஒரே இடம் கருத்தரிப்பு மையங்களின் பெயர்ப்பலகை. ரயில் கட்டுரையில் ‘தரிப்பு நேரத்தைக் குறைக்க வேண்டும்’ என்று படிப்பவர் முகத்தை எண்ணிப் பாருங்கள். ஈழ வழக்கை எடுத்தாலும், அங்கே வாகனத்தை விட்டுவிட்டுப் போகும் இடமும் ‘வாகனத் தரிப்பிடம்’தான் என்று நம் யாழ்ப்பாண நண்பர் சென்ற மாதம் வேறொரு இழையில் எழுதியது நினைவிருக்கும், இரவெல்லாம் பணிமனையில் கிடக்கும் வண்டியும் தரித்திருக்கும் வண்டி ஆகிவிடுமே. ரயில் அறிவிப்புகளில் ‘இரண்டு நிமிடம் நின்று செல்லும்’ என்கிறோம். ‘நிற்கும் நேரம்’ என்று எளிதாக வைத்துக்கொண்டால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

‘மறிப்பு’ வேண்டவே வேண்டாம். தரிப்பு, மறிப்பு இரண்டையும் ஒரு கருத்தரங்கில் ஒலிவாங்கியில் சொல்லிப் பாருங்கள், கடைசி வரிசையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். மேலும் மறித்தல் என்றால் யாரோ வேண்டுமென்றே குறுக்கே நிற்பதுபோல் இருக்கிறது. சிக்னல் எல்லாருக்கும் பொது.

இன்னொன்று. ஒரு நிறுத்தத்தால் வரும் இழப்பு நின்ற நொடிகள் மட்டும்தானா? வேகம் குறைப்பதிலும் மீண்டும் கூட்டுவதிலும் போகும் நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

மறுமொழி:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

‘மறிப்பு’ குறித்து நீங்கள் சொன்னது முற்றிலும் சரி, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘சிக்னல் காத்திருப்பு’ என்றே இருக்கட்டும். சைகை, சமிக்ஞை என்று போனால் கரைக்குக் கரை சொல் மாறும், சிக்னல் எல்லாருக்கும் தெரியும்.

கருத்தரிப்பு பற்றிய உங்கள் எச்சரிக்கையைப் படித்துச் சிரித்தேன். பிறகு யோசித்தபோது அது எனக்குத் துணையாகவே தோன்றியது. கரு தரித்தது என்றால் நழுவாமல் ஓரிடத்தில் நிலைகொண்டது என்றுதானே உணர்கிறோம்? ‘ஒரு கணமும் தரியாமல் ஓடி வந்தான்’ என்பதில் இருப்பதும் அதே பொருள். ஆகவே தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதாக இராது. பணிமனை பற்றிய ஐயத்துக்கு விளக்க வரியிலேயே ‘பயணிகள் இறங்கி ஏறுவதற்காக’ என்று சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

உங்கள் ‘நிற்கும் நேரம்’ என்ற சொல்லை நான் விடப்போவதில்லை, ஆனால் வேறு வேலைக்கு வைத்துக்கொள்கிறேன். சக்கரம் உருளாத நொடிகள் அனைத்துக்கும் அதுவே பொதுப்பெயர். தரிப்பு நேரமும் சிக்னல் காத்திருப்பும் அதன் இரு கூறுகள். எளிய சொல்லை மேலே வைத்து, நுட்பமான சொற்களை அதன் கீழே வைப்பது வாசகருக்கும் வசதி.

வேகம் குறைத்துக் கூட்டுவதில் போகும் நேரம் தனி. என் கணக்கின்படி 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிக்கு ஒரு நிறுத்தத்தால் அவ்வாறு போவது 14 நொடி. 30 நொடித் தரிப்போடு சேர்த்தால் 44. இதற்கு ‘நிறுத்த இழப்பு’ என்று பெயர் வைக்கலாம். அமெரிக்காவின் போர்ட்லண்டில் 2020 மார்ச்சில் நகர மையத்திலும் அதை அடுத்தும் இருந்த சில இலகு ரயில் நிறுத்தங்களை மூடியது பயணத்தை விரைவாக்கத்தான்; அங்கே மிச்சமாவது தரிப்பு நேரம் மட்டுமன்று, முழு நிறுத்த இழப்பும். அடுத்த நிறுத்தத்துக்குக் கூடுதலாக நடக்க வேண்டியவரின் நொடிகள் இந்தக் கணக்கில் வருவதில்லை என்பதையும் அதே பத்தியில் எழுதிவிட்டேன்.

ஒரே ஓர் இடத்தில் எல்லை மங்குகிறது. சாலைச் சந்திப்புக்குச் சற்று முன்னால் அமைந்த ஒரு நிறுத்தத்தில் கையில் கடிகாரத்தோடு நின்றேன். சக்கரம் நின்று இரண்டாவது நொடியில் கதவு திறந்தது. பதினான்காவது நொடியில் கடைசி ஆள் ஏறிவிட்டார். பதினெட்டில் கதவு மூடியாயிற்று. விளக்கு சிவப்பு. முப்பத்தோராவது நொடியில் ஒருவர் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார், ஓட்டுநர் இரங்கிக் கதவைத் திறந்தார், அவர் ஏறினார், கதவு மூடுவதற்குள் பச்சை விழுந்து இரண்டு நொடி வீணாயிற்று. இந்த நேரத்தை எப்படிப் பிரிப்பது? நான் வகுத்த விதி இது: முதல் முறை கதவு மூடும் வரை உள்ள 18 நொடி தரிப்பு; அதன்பின் சிவப்பு விளக்கு எரியும் நேரம் முழுவதும், கதவு திறந்தாலும் மூடினாலும், சிக்னல் காத்திருப்பு; பச்சை விழுந்த பிறகும் கதவு மூடாமல் போன இரண்டு நொடி மீண்டும் தரிப்பு. நிறுத்தத்தைச் சந்திப்புக்கு அப்பால் மாற்றினால் இந்தக் குழப்பமே எழாது, ஏனென்றால் வண்டி முதலில் சிக்னலைக் கடந்துவிட்டுத்தான் தரிக்கும். கதவு எப்போது மூடும் என்று சிக்னல் கருவி ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லாததால் முன்னுரிமையும் சரியாக வேலை செய்யும்.

கட்டுரையின் அட்டவணையில் தரிப்பு நேரம், சிக்னல் காத்திருப்பு என்ற இரண்டு கட்டங்களையும் இந்த விதிப்படியே நிரப்பியிருக்கிறேன். பிரிப்பில் பிழை தெரிந்தால், அச்சுக்குப் போகும்முன் சொல்லுங்கள்.