கலைச்சொல்: ‘வெர்ச்சுவல் ரெப்ரசென்டேஷன்’ (அமெரிக்கக் குடியேற்றங்கள், 1765)

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் மொழிபெயர்க்கும் வரலாற்று நூலில் வரும் இந்த ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச்சொல் வேண்டும். ‘மெய்நிகர் பிரதிநிதித்துவம்’ என்று எழுதினால் கணினிதான் நினைவுக்கு வரும். சூழல் இது: ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தது, பிரிட்டனுக்குக் கடன் மலையாகக் குவிந்திருந்தது. தன் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்றங்களில் நிறுத்திய படைகளின் செலவில் ஒரு பங்கையாவது அங்கேயே திரட்ட 1765-இல் முத்திரை வரிச் சட்டம் வந்தது. பத்திரங்கள், செய்தித்தாள்கள் எல்லாவற்றுக்கும் வரி. சீட்டுக்கட்டு ஒன்றுக்கு 1 ஷில்லிங். எங்கள் உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் எப்படி வரி போடலாம் என்று குடியேற்றத்தார் கேட்டார்கள். இங்கிலாந்திலேயே பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. ஆனாலும் உறுப்பினர் ஒவ்வொருவரும் நாடு முழுமைக்கும் பிரதிநிதியே என்றார் கருவூலச் செயலர் தாமஸ் வேட்லி. அந்த வாதத்தின் பெயர்தான் இது. ‘மறைமுகப் பிரதிநிதித்துவம்’ எனலாமா?

---

ஐயா, ‘மறைமுக’ வேண்டாம். 1913 வரை அமெரிக்க செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. அதை ‘மறைமுகத் தேர்தல்’ என்கிறோம். அதே நூலில் இரண்டும் வந்தால் மாணவர் குழம்பிப்போவார். ‘பெயரளவு’ என்றால் எதிர்த்தரப்பின் தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே ஏறிவிடும். வேட்லி தன் வாதத்தைத் தானே மறுப்பதுபோல் ஆகும். ஆதரித்தவர், எதிர்த்தவர் இருவர் வாயிலும் பொருந்துகிற சொல் வேண்டும்.

‘நிகர்நிலைப் பிரதிநிதித்துவம்’ என்பது என் பரிந்துரை. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதில் ‘அதற்கு ஈடாகக் கருதப்படுவது’ என்ற பொருள் ஏற்கெனவே பழகியிருக்கிறது. மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும் 1832 வரை தனி உறுப்பினர் இல்லை; ஆளே இல்லாத ஓல்டு சாரம் என்ற பழைய தொகுதி இருவரை அனுப்பியது. அந்த நிலையை நியாயப்படுத்திய கருத்துக்கு இது சரியாக அமையும்.

---

நிகர்நிலை நன்று. மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானியின் மறுப்பில் வைத்துப் பார்த்தாலும் நிற்கிறது. வாக்கில்லாத ஆங்கிலேயர் மீது போடும் வரி வாக்குள்ளவர் மீதும், அதை விதிக்கும் உறுப்பினர் மீதும் விழும். அமெரிக்கர் மீது போட்டாலோ ஆங்கிலேயரின் சுமை குறையும். நலன் ஒன்றாக இல்லாத இடத்தில் நிகர்நிலை செல்லாது என்பதே அவர் வாதம். மறுப்பின் கூர்மை மழுங்காமல் வருகிறது.

எதிர்ச்சொல்லான ‘ஆக்சுவல் ரெப்ரசென்டேஷன்’ (தாங்களே வாக்களித்துத் தேர்ந்த உறுப்பினர் வழியான பிரதிநிதித்துவம்) என்பதையும் இப்போதே முடித்துவிடலாம். ‘நேரடிப் பிரதிநிதித்துவம்’ என்று போட்டால் லண்டனில் இடம் கேட்டார்கள் என்று படிப்பவர் நினைப்பார். 1765 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் அதைக் கேட்கவில்லை. தொலைவு காரணமாக அது நடக்காது, வரி போடும் உரிமை எங்கள் சட்டமன்றங்களுக்கே என்றார்கள். ஆகவே ‘தேர்வுவழிப் பிரதிநிதித்துவம்’.

ஒரு எச்சரிக்கை: 1766-இல் முத்திரை வரியை நீக்கிய கையோடு நிறைவேறிய பிரகடனச் சட்டத்துக்கு இந்தச் சொல்லை இழுக்க வேண்டாம். எல்லா விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்த அதிகாரம் உண்டு என்று அது நேராகவே சொன்னது. அங்கே ‘நாடாளுமன்ற மேலாண்மை’ என்பதே பொருந்தும். 1767-இன் டவுன்ஷென்ட் வரிகளும் (குடியேற்றங்களின் இறக்குமதிப் பொருள்கள் மீது போட்டவை) 1773-இன் தேயிலைச் சட்டமும் அந்தத் தலைப்பின்கீழ் வரட்டும்.